புனேயிலிருந்து ஜூலு நாட்டுக்கு
(புனேவாழ் தமிழர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு நாட்டின் மேல் படையெடுப்பது என்று முடிவுசெய்துவிட்ட பேரரசுக்கு முதல் தேவை ஒரு குற்றவாளி. பீரங்கி பிறகு வந்தால் போதும். யாரை விட்டுக்கொடுத்தால் அந்த நாட்டு அரசனுக்கு மானக்கேடோ, அப்படிப்பட்ட ஆளாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். "இத்தனை நாளுக்குள் அவனை ஒப்படை" என்று கெடு வைக்க வேண்டும். ஒப்படைத்தால் அரசன் தன் குடிகள் முன்னால் சிறுத்துப்போவான். ஒப்படைக்காவிட்டால் போருக்குக் காரணம் கிடைத்துவிடும். 1817இல் இந்த ஆட்டம் நாம் உட்கார்ந்திருக்கும் இதே புனேயில் ஆடப்பட்டது. 1878இல் தென்னாப்பிரிக்காவில், துகேலா ஆற்றங்கரையில், ஜூலு அரசனுக்கு எதிராக ஆடப்பட்டது. இரண்டாம் ஆட்டத்தை ஆடிய கனவான் உத்தியோகம் பழகியது புனேயில். பிறகு ஆண்டதும் புனேயிலிருந்துதான். அவர் பெயர் சர் பார்ட்டில் ஃபிரியர்.

முதலில் நம் ஊர்க் கதை. 1802ஆம் ஆண்டின் கடைசி நாளில் வசாய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கும்பினிப் படையைத் தன் காவலுக்கு வைத்துக்கொண்டார் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ். காவலோடு கும்பினியின் பிரதிநிதியாக ஒரு ரெசிடென்டும் வந்து சேர்ந்தார். முளாவும் முட்டாவும் கூடுகிற சங்கமத்தில் அவருக்கு ஒரு பங்களா. 1811 முதல் அங்கே இருந்தவர் மவுண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டன். படிப்பாளி, பங்களா நிறையப் புத்தகம் வைத்திருந்தவர்.

1815 ஜூலையில் பரோடா கெய்க்வாட்டின் தூதர் கங்காதர சாஸ்திரி பண்டரிபுரத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். கும்பினியின் பாதுகாப்பில் வந்த தூதர் அவர். பழி பேஷ்வாவின் வலக்கையான திரிம்பக்ஜி டேங்ளே மேல் விழுந்தது. எல்ஃபின்ஸ்டன் நெருக்கினார். பாஜிராவ் இழுத்தடித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒப்படைத்தார். திரிம்பக்ஜியைத் தானே கோட்டையில் அடைத்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் தப்பிவிட்டார். வெளியே குதிரை தேய்க்கிற ஒருவன் தப்பும் வழியை மராத்திப் பாட்டாகப் பாடிக்காட்டினான், காவல் நின்ற வெள்ளைச் சிப்பாய்களுக்கு மராத்தி தெரியாததால் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று இந்தப் பக்கம் ஒரு கதை உண்டு. மெய்யோ பொய்யோ, கேட்க நன்றாக இருக்கிறது.

1817 மே மாதம் எல்ஃபின்ஸ்டன் கெடு வைத்தார். ஒரு மாதத்துக்குள் திரிம்பக்ஜியைத் திரும்பப் பிடித்துத் தர வேண்டும். அதற்குப் பிணையாக சிங்ககட், புரந்தர், ராய்கட் கோட்டைகளை உடனே கொடுக்க வேண்டும். மூன்றும் என்ன கோட்டைகள் என்று மராத்தி நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராய்கட்டில்தான் சிவாஜி முடிசூடினார். ஒரு கொலைக்குற்றவாளிக்குப் பிணையாக ஒரு நாட்டின் முதுகெலும்பைக் கேட்டார்கள். பேஷ்வா பணிந்தார். ஜூன் 13ஆம் தேதி புனே ஒப்பந்தம் என்ற பெயரில் மராட்டியக் கூட்டமைப்பின் தலைமையையும் எழுதிக் கொடுத்தார். திரிம்பக்ஜி பிரச்சினை எங்கே தொடங்கியது, எங்கே போய் நின்றது பாருங்கள்.

நவம்பர் 5ஆம் தேதி பொறுமை உடைந்தது. எல்ஃபின்ஸ்டன் சங்கமத்தை விட்டு ஆற்றைக் கடந்து கட்கி முகாமுக்குப் போய்ச் சேர்வதற்குள் பங்களா எரிந்துகொண்டிருந்தது. அவருடைய புத்தகங்களும் எழுதி வைத்த காகிதங்களும் அதோடு போயின. பாஜிராவ் பர்வதி குன்றின் மேலிருந்து வேடிக்கை பார்த்தார். பேஷ்வாவின் தளபதி பாபு கோகலேயின் குதிரைப்படை கட்கி வெளியில் பாய்ந்து வந்தது. கும்பினிப் படைக்கு முன்னால் இருந்த சேற்றுநிலம் யார் கண்ணிலும் படவில்லை. குதிரைகள் அதில் இறங்கி இடறின. மூவாயிரத்துக்கும் குறைவான கும்பினிப் படை, தன்னைப்போல் பல மடங்கு படையை அன்று சாயங்காலத்துக்குள் நிறுத்திவிட்டது. பன்னிரண்டே நாளில் சனிவார் வாடாவின் மேல் ஆங்கிலேயக் கொடி ஏறியது. அடுத்த ஜூனில் பாஜிராவ் சரணடைந்து, ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் உபகாரச் சம்பளத்தோடு கான்பூர் பக்கம் பித்தூருக்குப் போனார்.

கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில்தான், இங்கே ஓர் அரசு முடிந்துகொண்டிருந்தபோது, இந்துமாக் கடலின் அந்தக் கரையில் ஷாக்கா என்ற இளைஞன் ஒரு சிறு குலத்தின் தலைமைக்கு வந்து ஜூலு அரசைக் கட்டிக்கொண்டிருந்தான். வயதொத்த இளைஞர்களைப் படைப்பிரிவுகளாகச் சேர்ப்பது, அவர்களை அரசனின் மாட்டுப்பட்டிகளில் குடிவைப்பது, அரசன் அனுமதி கொடுத்த பிறகே கல்யாணம் செய்துகொள்ள விடுவது என்று ஓர் ஏற்பாடு அங்கே வேரூன்றியது. படையும் அதுதான், அரசாங்கமும் அதுதான், உழைப்பைப் பங்கிடும் முறையும் அதுதான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வருஷம் கழித்து ஃபிரியர் கை வைத்தது இதில்தான்.

ஃபிரியர் பிறந்தது 1815இல். பத்தொன்பது வயதில் பம்பாய் சிவில் உத்தியோகத்துக்கு வந்தார். 1835இல் புனேயில் உதவி கலெக்டர். மராத்தி, குஜராத்தி, இந்துஸ்தானி படித்தவர். நிலவரி வசூலில் குடியானவர்கள் படும் பாட்டை ஊர் ஊராகப் போய் விசாரித்தவர். 1846இல் சதாராவில் ரெசிடென்ட் ஆனார். சதாரா என்றால் 1818இல் பேஷ்வாவை ஒழித்த கையோடு சிவாஜியின் வம்சத்தாருக்கு என்று கும்பினி ஒதுக்கிக் கொடுத்த சின்ன ராஜ்யம். முதல் ராஜா பிரதாப்சிங்கை 1839இல் அவர்களே இறக்கினார்கள். அடுத்து வந்த ஷாஹாஜி 1848இல் இறந்தபோது வாரிசாக ஒரு தத்துப்பிள்ளை இருந்தான். பம்பாய் கவர்னர் ஜார்ஜ் கிளார்க்கே தத்தை ஏற்கலாம் என்று வாதாடினார். கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி கேட்கவில்லை. டல்ஹவுசி விழுங்கிய ராஜ்யங்களின் வரிசையில் முதல் பெயர் சதாரா. விழுங்கிய பிறகு அதை நிர்வாகம் செய்தவர் ஃபிரியர்.

ரெசிடென்ட் என்று ஒருவர் வந்தால் அரசு எப்படிக் கரையும் என்பதை ஏட்டில் படித்தவரில்லை இவர். கரைந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்.

இங்கே ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். ஃபிரியர் கொடியவர் இல்லை. சிந்து மாகாணத்தில் கமிஷனராக இருந்தபோது வாய்க்கால் வெட்டினார், பள்ளிக்கூடம் வைத்தார். இந்தியாவின் முதல் தபால் தலை 1852இல் அவர் ஆட்சியில் சிந்துவில்தான் வந்தது. 1873இல் சான்சிபார் சுல்தானிடம் பேசி அடிமை வியாபாரத்தை நிறுத்தும் ஒப்பந்தம் வருவதற்கு வழிசெய்தவரும் அவரே. அடிமை ஒழிப்பு இயக்கத்தார் அவரைக் கொண்டாடினார்கள். பேரரசின் போர்களை எல்லாம் அயோக்கியர்கள் தொடங்கியதாக நினைத்துக்கொண்டால் நமக்கு மனம் ஆறும். ஆனால் தன் நல்ல எண்ணத்தில் துளியும் சந்தேகம் இல்லாத ஆள்தான் இந்த வேலைக்கு ரொம்பப் பொருத்தம்.

1862 முதல் 1867 வரை பம்பாய் கவர்னர். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கேயிருந்து பருத்தி போகவில்லை. நம் பருத்தி லங்காஷயரில் பொன் விலைக்குப் போனது. அந்தப் பணப் பெருக்கில் பம்பாய்க் கோட்டைச் சுவரை இடித்து நகரத்தை விரித்தார். மழைக்காலத்தில் கவர்னர் தங்கும் ஊர் புனே. அதற்குத் தகுந்தபடி இங்கும் கட்டினார். எரவாடாவில் டெக்கான் கல்லூரிக்கு 1864இல் அடிக்கல் வைத்தவர் அவர். கணேஷ்கிண்டில் கவர்னர் மாளிகையைத் தொடங்கியவரும் அவர். பருத்திச் சந்தை 1865இல் சரிந்தது, பம்பாய் வங்கி கவிழ்ந்தது, மாளிகைச் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. பம்பாய் கவர்னர்கள் மேலிடத்தை மதிக்காமல் பணத்தை இறைப்பதற்கு உதாரணமாக அந்த மாளிகையை லண்டன் பாராளுமன்றத்தில் காட்டிப் பேசினார்கள். மேலிடத்தைக் கேட்காமல் காரியத்தைத் தொடங்கிவிட்டு, பிறகு தகவல் சொல்லும் இந்தப் பழக்கம்தான் பதினைந்து வருஷம் கழித்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது.

அந்த மாளிகைதான் இன்று சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம். உங்களில் பலர் பிள்ளைகளைச் சேர்க்க அங்கே வரிசையில் நின்றிருப்பீர்கள். 1897 ஜூன் 22ஆம் தேதி இரவு விக்டோரியா மகாராணியின் வைரவிழா விருந்து முடிந்து பிளேக் கமிஷனர் ராண்ட் கோச்சு வண்டியில் கிளம்பியதும் அங்கிருந்துதான். வழியில் சாபேகர் சகோதரர்கள் அவரைச் சுடக் காத்திருந்தார்கள். அது வேறு கதை, இன்னொரு நாள் பேசலாம்.

1877இல் ஃபிரியரைத் தென்னாப்பிரிக்காவுக்கு ஹை கமிஷனராக அனுப்பினார்கள். ஆங்கிலேயக் காலனிகள், போயர் நிலங்கள், கறுப்பின அரசுகள் எல்லாவற்றையும் ஒரே குடைக்கீழ்க் கொண்டுவர வேண்டும் என்பது அவருக்குக் கொடுத்த வேலை. அந்தக் குடைக்குள் வராமல் நின்றது அரசன் செட்ஷ்வாயோவின் ஜூலு நாடு. செட்ஷ்வாயோ ஆங்கிலேயரோடு சண்டை வேண்டாம் என்று இருந்தவர். அவருக்கு வழக்கு போயர்களோடுதான், எல்லைத் தகராறு. அதை விசாரிக்க 1878இல் ஒரு குழு போட்டார்கள். குழுவில் மூன்று பேர். ஒருவர் கர்னல் ஆண்டனி டர்ன்ஃபோர்டு. இளவயதில் நம் திருகோணமலையில் பொறியாளர் படையில் வேலை பார்த்தவர். குழு ஆராய்ந்து பார்த்துவிட்டு, தகராறு நிலத்தில் பெரும்பகுதி ஜூலுக்களுக்கே என்று எழுதிக் கொடுத்தது. ஃபிரியருக்குத் தலையில் இடி. தீர்ப்பை வெளியே விடாமல் மாதக்கணக்கில் வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில் அவருக்கு ஒரு திரிம்பக்ஜி கிடைத்தான். சிஹாயோ என்ற ஜூலுத் தலைவரின் மனைவியர் இருவர் ஆற்றைக் கடந்து நேட்டாலுக்கு ஓடிவிட, அவர் மகன்கள் எல்லை தாண்டிப் போய் அவர்களை இழுத்து வந்து கொன்றார்கள். கொடுமையான காரியம், சந்தேகமில்லை. கங்காதர சாஸ்திரியின் கொலையும் கொடுமைதான். குற்றம் உண்மையாக இருந்தால்தான் கெடுவுக்கு உறைப்பு.

1878 டிசம்பர் 11. துகேலா ஆற்றின் நேட்டால் கரையில் ஒரு பெரிய அத்தி மரம். அதில் துணியை இழுத்துக் கட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். ஜூலு அரசனின் தூதர்கள் ஆற்றைக் கடந்து வந்தார்கள். காலையில் எல்லைத் தீர்ப்பை வாசித்தார்கள். நிலம் உங்களுக்குத்தான் என்று கேட்டதும் தூதர்களுக்கு மகிழ்ச்சி. மதியம் மாட்டிறைச்சி விருந்து. சாப்பிட்டு முடித்து உட்கார்ந்த பிறகு இரண்டாவது காகிதம் வெளியே வந்தது. சிஹாயோவின் மகன்களை இருபது நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். ஐந்நூறு மாடு அபராதம். எல்லையில் இரண்டு வெள்ளைக்காரர்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்ததற்கு இன்னொரு நூறு மாடு. பாதிரிகள் திரும்பி வருவார்கள். ஜூலு நாட்டில் ஓர் ஆங்கிலேய ரெசிடென்ட் இருப்பார். படைப்பிரிவு முறையைக் கலைத்துவிட வேண்டும்; ஆண்கள் அரசன் அனுமதி இல்லாமலே மணம் முடிக்கலாம். மற்றவற்றுக்கெல்லாம் முப்பது நாள்.

கேட்டவர்களில் முதியவர்கள் திகைத்துப்போனார்கள். இதை அரசன் முன்னால் போய்ச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. ஜூலுக்களோடு வாழ்ந்த ஜான் டன் என்ற வெள்ளைக்காரர் வழியாகத்தான் சேதி முதலில் போனது.

நிபந்தனைகளைத் திரும்ப ஒரு முறை பாருங்கள். ஆளை ஒப்படை, ரெசிடென்டை ஏற்றுக்கொள், படையைக் கலை. தக்காணத்தில் பதினைந்து ஆண்டுகளில் படிப்படியாகச் செய்ததை ஃபிரியர் ஒரே மத்தியானத்தில் கேட்டார். ஏற்கவே முடியாதபடி எழுதிய நிபந்தனைகள் அவை. லண்டன் மந்திரிசபைக்கு அப்போது போர் வேண்டாம். முந்தைய மாதம்தான் ஆப்கானியப் போர் தொடங்கியிருந்தது. அதற்கும் ஃபிரியர் 1874இல் எழுதிய யோசனைக் கடிதம் ஒரு தூண்டுகோல் என்பது சேர்த்துச் சொல்ல வேண்டிய சேதி. காலனி மந்திரி ஹிக்ஸ் பீச் வேண்டாம் என்றுதான் எழுதினார். ஆனால் கேப்டவுனுக்கு அப்போது நேரடித் தந்தி இல்லை. கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். தந்தி இல்லாமல் இந்த மனிதரை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று மந்திரி பிரதமரிடம் புலம்பினார். ஃபிரியருக்கு அந்த இடைவெளி போதும்.

1879 ஜனவரி 11ஆம் தேதி படை உள்ளே நுழைந்தது. தளபதி லார்டு செம்ஸ்ஃபோர்டு. அவரும் பம்பாய் ஆள்தான்; இந்தப் பக்கத்துப் படையில் பெரிய பதவி வகித்து, பம்பாய்ப் படை ஜெனரல் ஒருவரின் மகளைக் கட்டியவர். பதினோரு நாள் கழித்து, ஜனவரி 22ஆம் தேதி, இசாண்டுல்வானா என்ற குன்றின் அடியில் முகாமை விட்டுவிட்டுப் பாதிப் படையோடு ஜூலுக்களைத் தேடிப் போனார். ஜூலுக்கள் அவருக்குப் பின்னால் இருந்தார்கள். ஏறக்குறைய இருபதாயிரம் பேர், ஒரு பள்ளத்தாக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். எழுபது வயதை நெருங்கிய இன்ட்ஷிங்வாயோ அவர்களின் தளபதி. எருமைக் கொம்பு வியூகம் என்பார்கள்: நடுவில் நெஞ்சு நேராக மோதும், இரண்டு கொம்புகளும் சுற்றி வந்து முதுகில் சேரும். மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளுக்கு எதிராக, பெரும்பாலும் ஈட்டியையும் தோல் கேடயத்தையும் வைத்துக்கொண்டு அதைச் செய்தார்கள். மதியத்துக்குப் பின் சூரிய கிரகணம் வேறு. சாயங்காலத்துக்குள் முகாமில் 1,300க்கு மேற்பட்டவர்கள் செத்துக் கிடந்தார்கள். அவர்களில் டர்ன்ஃபோர்டும் ஒருவர். நிலம் ஜூலுக்களுக்கே என்று கையெழுத்துப் போட்ட மனிதர், அந்தக் கையெழுத்தை மதிக்காத போரில் ஜூலுக்களின் கையால் செத்தார்.

விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் அப்படி ஓர் அடியை எதிர்பார்த்திருக்கவில்லை. அதே இரவு ரோர்க்ஸ் டிரிஃப்டில் நூற்றைம்பது பேர் ஒரு ஜூலுப் பிரிவைத் தடுத்து நின்றதற்குப் பதினொரு விக்டோரியா சிலுவை கொடுத்தார்கள். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் இசாண்டுல்வானாவைக் கொஞ்சம் மறக்கவும் அது உதவியது. எல்லையைத் தாண்டி நேட்டாலுக்குள் போகாதே என்று செட்ஷ்வாயோ சொல்லியிருந்தார். ரோர்க்ஸ் டிரிஃப்டுக்குப் போனவர்கள் அந்தச் சொல்லை மீறிப் போனவர்கள். தன் நாட்டுக்குள் வந்தவனை மட்டும் அடிப்பது, பிறகு சமாதானம் பேசுவது என்பது அரசனின் கணக்கு. வெற்றிக்குப் பிறகும் தூதுக்கு மேல் தூது அனுப்பினார். பதிலுக்குக் கப்பல் கப்பலாகப் படை வந்தது. ஜூலை 4ஆம் தேதி உலுண்டியில் ஆங்கிலேயர் சதுரமாக நின்று, பீரங்கியும் கேட்லிங் துப்பாக்கியும் வைத்துச் சுட்டார்கள். அரை மணி நேரத்துச் சங்கதி. ஜூலு பக்கம் ஆயிரத்துக்கு மேல் விழுந்தார்கள். ஆங்கிலேயர் பக்கம் பத்துப் பன்னிரண்டு. தலைநகரைக் கொளுத்தினார்கள். ஆகஸ்டில் அரசனைப் பிடித்துக் கேப்டவுனுக்குக் கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததும் நமக்குப் பழக்கப்பட்டதே. ஜூலு நாட்டைப் பதின்மூன்று துண்டாக்கிப் பதின்மூன்று தலைவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். 1882இல் செட்ஷ்வாயோ லண்டனுக்குப் போய் மகாராணியைப் பார்த்தார். பார்த்த இடம் வைட் தீவில் உள்ள ஆஸ்போர்ன் மாளிகை. நம் கணேஷ்கிண்ட் மாளிகையை அந்த ஆஸ்போர்னின் சாயலில் கட்டினார்கள் என்று கட்டடக்கலை எழுதுபவர்கள் சொல்வார்கள். அடுத்த ஆண்டு, குறுகிய நிலத்தோடு, அரசனைத் திரும்ப அனுப்பினார்கள். அதற்குள் உள்நாட்டுச் சண்டை முற்றியிருந்தது. 1884 பிப்ரவரியில் செட்ஷ்வாயோ இறந்தார். லண்டன் திருப்பியழைத்துக்கொண்ட ஃபிரியரும் அதே ஆண்டு மே மாதம் இறந்தார். ஃபிரியருக்குத் தேம்ஸ் கரையில் சிலை வைத்தார்கள்.

இந்தக் கதையை வெள்ளையர் ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கம் என்று சொல்லிவிட்டுப் போனால் பொய்யாகிவிடும். ஜூலு நாட்டுக்குள் போன படையில் பெரும்பகுதி நேட்டாலைச் சேர்ந்த கறுப்பின மக்கள். ஷாக்காவின் வாரிசுகளிடம் அடிபட்டு ஓடிவந்த குடும்பங்கள் அவர்களில் நிறைய. பழைய கணக்கு பாக்கி இருந்தது. இங்கே 1818 ஜனவரி 1ஆம் தேதி, பீமா கரையில் கோரேகாவுன். பம்பாய்ப் படையின் சிப்பாய்கள், அவர்களில் பலர் மஹார்கள், மதராஸ் பீரங்கிப் படையின் இரண்டு பீரங்கியோடு பேஷ்வாவின் படையை நாள் முழுக்கத் தடுத்து நின்றார்கள். பேஷ்வா ஆட்சியில் அந்த மஹார்களுக்கு ஊருக்குள் என்ன மரியாதை இருந்தது என்று யோசித்தால், அவர்கள் யாருக்காகப் போரிட்டார்கள் என்ற கேள்வி அவ்வளவு சுலபமில்லை. 1927இல் அம்பேத்கர் அங்குள்ள நினைவுத் தூணுக்குப் போய்த் தலைவணங்கினார். வெளியே இருந்து வருகிறவனுக்கு உள்ளே இருக்கும் புண் எப்போதும் வழிகாட்டி. புண்ணை வைத்தவர்கள் யார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

இப்போது நம் ஆட்களிடம் வருகிறேன். 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் டர்பனைத் தொட்டது. நேட்டாலில் வெள்ளையர் கரும்பு போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே ஆயிரமாயிரம் கறுப்பின ஆண்கள். ஆனால் அவர்களுக்கு நிலமும் மாடும் இருந்தன, கரும்புத் தோட்டத்தில் வருஷக்கணக்கில் கூலிக்கு முதுகு வளைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் வட ஆர்க்காட்டுக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். 1911 வரை போன சுமார் 1,52,000 பேரில் மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் துறைமுகத்து ஆட்கள். ஜூலுக்களின் சுதந்திரம்தான் தமிழனை அங்கே கூட்டிப்போனது என்றுகூடச் சொல்லலாம். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கிய தமிழன் தலைக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது நேட்டால் அரசு. அதே அரசு 1905இல் வயது வந்த ஆண்களுக்கெல்லாம் தலைக்கு ஒரு பவுன் வரி போட்டது. வந்து விழுந்த அடி கறுப்பின மக்கள் மேல்தான். மூன்று பவுன் வரிப் போராட்டத்தின் தில்லையாடி வள்ளியம்மையை நம் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் தெரியும். ஒரு பவுன் வரியை எதிர்த்துக் கிளம்பிய பம்பத்தாவைத் தெரியாது.

1906இல் பம்பத்தா கிளம்பினார். ஜூன் 10ஆம் தேதி மோமே பள்ளத்தாக்கில் அவருடைய ஆட்களை வளைத்துச் சுட்டுத் தள்ளினார்கள். பம்பத்தாவின் உடல் என்று ஒன்றைக் கண்டுபிடித்து, அடையாளம் காட்டத் தலையை வெட்டி எடுத்துப் போனார்கள். அந்தக் கலகத்தில் இறந்த கறுப்பின மக்கள் மூவாயிரத்துக்கு மேல். வெள்ளையர் பக்கம் சில பத்துப் பேர். இதைப் போர் என்று எழுதுவது சொல்லுக்கு அவமானம்.

அந்த ஜூனில் காந்தி ஆங்கிலேய அரசுக்கு விசுவாசியாக, ஸ்டிரெச்சர் தூக்கும் ஒரு சிறு இந்தியப் படையோடு அங்கே போனார். சார்ஜன்ட் மேஜர் பதவியும் உண்டு. கூடப் போனவர்கள் சுமார் இருபது பேர். குஜராத்திகள் நாலைந்து பேரைத் தள்ளினால் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தென்னிந்தியர்கள். பட்டியலில் பெயர்கள் இருக்கின்றன: அப்பாசாமி, முத்துசாமி, குப்புசாமி, ஆழ்வார். போன இடத்தில் அவர்களுக்கு வாய்த்த வேலை வேறு. கசையடி பட்டுப் புண் சீழ் வைத்துக் கிடந்த ஜூலுக்களுக்கு மருந்து போட வெள்ளைக்கார ஆட்கள் முன்வரவில்லை. இவர்கள் போட்டார்கள். பல பேர் கலகத்தில் இல்லாதவர்கள். சந்தேகத்தில் பிடித்து அடித்திருந்தார்கள். வாரக்கணக்கில் மலையும் காடுமாக நடந்தார்கள். திரும்பி வந்த காந்தி செப்டம்பர் 11ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியருக்கு எதிரான சட்டத்துக்குப் பணிவதில்லை என்ற சபதத்தில் முன்னின்றார். காந்தி ஆரம்ப காலத்தில் கறுப்பின மக்களை இளக்காரமாக எழுதியவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை, எழுதினார். அந்த நாட்கள் அவரை உலுக்கின என்பதும் உண்மை.

1912இல் புனே இன்னொருவரை ஜூலு நாட்டுப் பக்கம் அனுப்பியது. கோபால கிருஷ்ண கோகலே. அவர் போனது மூன்று பவுன் வரியை ஒழிக்க. நடுவில் டர்பனுக்குப் பக்கத்தில் ஓலாங்கே என்ற இடத்துக்குப் போனார். ஜான் டூபே என்ற ஜூலுத் தலைவர் நடத்திய பள்ளிக்கூடம் அது. அந்த ஆண்டுதான் டூபே, பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ஆன அமைப்பின் முதல் தலைவரானார். கோகலேயும் டூபேயும் உட்கார்ந்து பேசினார்கள். பிள்ளைகள் ஜூலுப் பாட்டுப் பாடினார்கள். ஃபிரியர் போய் முப்பத்தைந்து வருஷம் கழித்து நடந்த சந்திப்பு. புனேயிலிருந்து போன இருவரில் எனக்கு இந்த மனிதரைத்தான் பிடித்திருக்கிறது, நீங்கள் எப்படியோ.

உறவு அதற்குப் பிறகு தேனாக ஓடவில்லை. 1949 ஜனவரியில் டர்பனில் ஜூலுக்களும் இந்தியர்களும் மோதியதில் 142 பேர் செத்தார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒருவர் தலைமேல் ஒருவராக அடுக்கி வைத்த அரசு, வேடிக்கை பார்த்தது. அந்த அடுக்கில் நடுப்படியில் நின்ற நம் கடைக்காரர்கள் சிலர் கீழ்ப்படியில் நின்றவரை எப்படி நடத்தினார்கள் என்பதும் விசாரிக்க வேண்டிய விஷயம்தான்.

கடைசியாக ஒரு சேதி. 1922இல் ஆறு வருஷத் தண்டனை பெற்ற காந்தியை அடைத்தது எரவாடா சிறையில். அங்கே 1923 நவம்பர் 26ஆம் தேதி தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். கூட இருந்த கைதி இந்துலால் யாக்னிக் எழுதிக்கொண்டார். ஜூலுக்கள் எப்படி இருப்பார்கள், எப்படி வாழ்கிறார்கள், அவர்கள் நிலம் எப்படிப் போனது என்று தொடக்க அத்தியாயங்களிலேயே பேசுகிறார். ஃபிரியர் அடிக்கல் வைத்த டெக்கான் கல்லூரி இருப்பதும் அதே எரவாடாவில்தான். காந்தியின் அந்த வரலாற்று நூல் தமிழிலும் வந்திருக்கிறது, வாங்கிப் படியுங்கள். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். டர்பனிலிருந்து சொந்த ஊரைத் தேடி வருகிற தமிழ்க் குடும்பங்களை உங்களில் சிலர் விமான நிலையத்திலோ ரயிலிலோ சந்தித்திருப்பீர்கள். இனி யாரையாவது சந்தித்தால், தாத்தா எந்த ஊர் என்று கேட்பதோடு, 1906இல் காந்தியோடு ஸ்டிரெச்சர் தூக்கப் போனவர் யாராவது குடும்பத்தில் உண்டா என்றும் கேளுங்கள். அப்பாசாமிக்கும் ஆழ்வாருக்கும் இன்றுவரை நம்மிடம் இருப்பது வெறும் பெயர்தான்.